இல்லாததற்கு இது பரவாயில்லையா?

சாலையில் ஒரு சோதனைச் சாவடி, சீருடையில் நாலு பேர், கையில் ஏதோ ஒரு கருவி. அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், ‘ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை’ என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. உலகெங்கும் செல்லுபடியாகும் இந்தச் சமாதானம் பாக்தாதில் என்ன செய்தது என்று பார்க்கலாம்.

2016 ஜூலை 3, நள்ளிரவு கடந்த நேரம். ரமலான் முடிய இன்னும் சில நாட்களே. நோன்பு திறந்துவிட்டு, பெருநாள் துணிமணி வாங்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் கராதா கடைவீதியில் நிறைந்திருந்தார்கள். வெடிமருந்து ஏற்றிய குளிர்பதன வண்டி ஒன்று அங்கே வெடித்தது. தீ ஹாதி வணிக வளாகத்துக்குள் பரவியது. வெளியேற வழியில்லாமல் பலர் உள்ளேயே கருகினார்கள். பலி 300ஐத் தாண்டியது. ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்றது.

அப்போது பாக்தாத் சாவடிகளில் வெடிமருந்தைக் கண்டுபிடிக்கவென்று இருந்த கருவியின் பெயர் ஏடிஇ 651. துப்பாக்கிப் பிடி போன்ற கைப்பிடி, அதன் முனையில் ஊசலாடும் ஆன்டெனா. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, பிடித்திருப்பவரின் உடம்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளுமாம்! கை லேசாகச் சாய்ந்தாலே கம்பி திரும்பிவிடும். திரும்பினால், ‘வண்டியில் சென்ட் பாட்டில் இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். கருவிக்குள் செருகும் அட்டையை 2010இல் பிபிசி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிரித்துக் காட்டியது. கடைகளில் திருட்டைத் தடுக்கப் பொருள்களில் ஒட்டும் சில்லு ஒன்றுதான் உள்ளே இருந்தது.

கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று சொல்லி 20 டாலருக்கு விற்கப்பட்ட வேடிக்கைப் பொருளிலிருந்து பிறந்தது இது. இராக் இதற்குக் கொட்டியது சுமார் 8.5 கோடி டாலர். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

அதன் பிறகும் மூன்றாண்டுகள் அந்தக் கம்பி பாக்தாதில் ஆடிக்கொண்டிருந்தது. கராதா எரிந்த பிறகுதான் பிரதமர் ஹைதர் அல்-அபாதி அதைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்.

‘போலியானாலும் எதிரியை மிரட்டுமே’ என்று சிலர் வாதாடலாம். கருவி போலி என்று உலகமே செய்தி படித்த பிறகு எந்த எதிரி மிரளுவான்? ஏமாந்தவர்கள், வரிசையில் பொறுமையாகக் காத்திருந்த பொதுமக்கள் மட்டுமே. கம்பி ஆடவில்லை என்று அனுப்பப்பட்ட வண்டியின் கதவை யாரும் திறந்து பார்க்கவில்லை. உண்மையான சோதனை நடக்க வேண்டிய இடத்தைக் கண்துடைப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே, போலிப் பாதுகாப்பு என்பது பாதுகாப்பே இல்லாததைவிட மோசமானது.

இதை முன்பே கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. ஐந்து பெட்டிகள்; ஒன்றில் மட்டும் வெடிமருந்து; எதில் என்று கருவி பிடிப்பவருக்குத் தெரியக்கூடாது. மக்கள் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் இந்தச் சோதனையை நடத்தி, முடிவை வெளியிட வேண்டும். வெளியிட மறுக்கும் அரசிடம் ஏன் என்று கேளுங்கள்.