பதவியும் ஊதியமும்

நாட்டை ஆள்வோர்க்கு ஊதியம் எதற்கு என்று கேட்பார் பலர். தொண்டு செய்ய வந்தவர் கூலி பெறுதல் தகுமோ என்பது அவர்தம் வினா. கேட்பதற்கு இஃது இனிதாகவே தோன்றும். ஆயினும், இதன் விளைவை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் பாராளுமன்றக் கீழவை உறுப்பினர்க்கு 1911-ஆம் ஆண்டுவரை அரசு ஊதியம் அளிக்கவில்லை. ஆதலின், நிலமும் செல்வமும் உடையோரே பெரும்பாலும் அவ்வவையில் அமர்ந்தனர். சுரங்கத் தொழிலாளி ஒருவர் உறுப்பினராக வேண்டுமாயின், அவருடைய சங்கம் பொருளுதவி செய்ய வேண்டியிருந்தது. 1838-இல் சாசன இயக்கத்தார் வெளியிட்ட ஆறு கோரிக்கைகளுள் உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டும் என்பதும் ஒன்று. 73 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஆண்டுக்கு 400 பவுன் வழங்கப்பெற்றது. ஊதியம் மறுக்கப்படும் நாட்டில் ஆட்சி செல்வர்க்கே உரியதாகிவிடும். எனவே, ஊதியம் தருதல் குற்றமன்று. குடியாட்சிக்கு அஃது இன்றியமையாதது.

எனின், ஊதியம் மட்டும் போதுமோ? போதாது. வரவறிந்து வாழும் பண்பும் வேண்டும். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த இளைய பிட் பொதுப்பணத்தைக் கவர்ந்தவர் அல்லர். ஆனால், தம் வீட்டுச் செலவை அவர் கவனியாது விட்டார். 1806-இல் அவர் மறைந்தபோது இருந்த கடனை அடைக்கப் பாராளுமன்றம் 40,000 பவுன் ஒதுக்க நேர்ந்தது. தலைவரின் கவனக்குறைவு மக்களின் சுமையாயிற்று.

நம் நாட்டின் லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வு வேறு வகையினது. 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகில் நிகழ்ந்த இரயில் விபத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில்வே அமைச்சராயிருந்த சாஸ்திரி அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1963-இல் காமராசர் திட்டத்தின்படி உள்துறை அமைச்சர் பதவியையும் துறந்தார். பின்னர்ப் பிரதமரானபோது, கார் வாங்குவதற்கு வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். 1966 ஜனவரியில் அவர் மறைந்தபின், அக்கடனை அவர்தம் துணைவியார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார்.

இருமுறை பதவியை விட்டு நீங்க அவர்க்கு இயன்றது எதனால்? பதவி தரும் வசதிகளைத் தம் வாழ்வின் தேவைகளாக அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. பதவி போனால் குடும்பம் என்னாகும் என்று அஞ்சுபவர், விலக வேண்டிய வேளையிலும் விலகத் தயங்குவார். அவ்வச்சம் வளர்ந்தால் நேர்மை தளரும்.

ஆகவே, அமைச்சர்க்குப் போதிய ஊதியம் வேண்டும். அது சட்டத்தால் வரையறுக்கப்பட்டு, மக்கள் அறியுமாறு வழங்கப்படுதல் வேண்டும். அதற்கு மேல் வேண்டுவது எளிய வாழ்க்கை. ஊதியம் ஏழைக்கு ஆட்சியின் வாயிலைத் திறக்கிறது. எளிமையோ, கடமை அழைக்கும்போது அவ்வாயில் வழியே தலைநிமிர்ந்து வெளியேறும் ஆற்றலைத் தருகிறது. நாளை வாக்களிக்கவிருக்கும் இளைஞர், ஒருவர் பதவிக்கு வந்த வகையை மட்டுமன்றி, அதனை விட்டு நீங்கிய வகையையும் நோக்குதல் வேண்டும்.