நிலத்தை விற்கும் முன் அந்த எண்ணைச் சொல்லுங்கள்

கீமோ வார்டில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பயாப்ஸி அறிக்கையில் 'ஸ்மால் செல்' என்று இருந்தால் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிடும். நுரையீரல் புற்றில் 100-க்குச் சுமார் 15 பேருக்குத்தான் இந்த வகை. பீடி, சிகரெட் தொடாதவருக்கு அபூர்வம். கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலோருக்குப் பரவியிருக்கும். முதல் கீமோவிலேயே கட்டி வெல்லம்போலக் கரையும். வீட்டார் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு வருவார்கள். சில மாதத்தில் நோய் திரும்பிவிடும், பல நேரம் மூளைக்கும் போய்விடும்.

2023-ல் அந்த அறிக்கை என் அக்கா வீட்டுக்காரர் பெயரில் வந்தது. நாமக்கல்லில் லாரி ஓட்டியவர்.

"இம்யூனோ ஊசின்னு ஒண்ணு இருக்குதாமே கண்ணு, போட்டா மாமா பொழச்சுக்குவாரா?" என்றாள் அக்கா. மருத்துவர் "சேர்த்துப் போட்டால் நல்லது" என்றாராம். ஒரு முறைக்கே லட்சக்கணக்கில் செலவு. ஒரு ஏக்கர் காட்டுக்கு விலை பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த 'நல்லது' எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. 2018-ல் வந்த, அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோ ஊசியின் ஆய்வில், கீமோ மட்டும் போட்டவர்களில் பாதிப்பேர் 10.3 மாதம் தாண்டினார்கள். ஊசியும் சேர்ந்தபோது 12.3 மாதம். இரண்டே மாதம். ஆனால் அதே வகை ஊசியான துர்வாலுமாப் ஆய்வில் மூன்றாண்டு கழித்தும் இருந்தவர்கள் 100-க்கு 17.6 பேர், கீமோ மட்டும் என்றால் 5.8. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே காட்டும் நம்பகமான சோதனை இல்லை. இந்த இரண்டு கணக்கையும் சொன்ன பிறகே குடும்பத்தை முடிவெடுக்க விட வேண்டும்.

மாமாவுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன்: நோயை எதிர்க்கும் நம் டி செல்லின் பிரேக்கைப் புற்று மிதித்துக்கொண்டிருக்கிறது, மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும். "பிரேக் இல்லாம ஓடுனா எங்கயாச்சும் மோதுமே?" என்றார். மோதும்தான். குடல், தைராய்டு, சில வேளை நுரையீரலையே பதம் பார்க்கும்.

2024 பட்ஜெட்டில் துர்வாலுமாப் உட்பட மூன்று புற்று மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கினார்கள். நல்லதுதான், ஆனால் வரி போனாலும் லட்சம் லட்சம்தான். எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுக்கு இதே வகை மருந்தான நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022-ல் வந்த முடிவில், ஓராண்டு தாண்டியவர்களின் பங்கு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தது. ஸ்மால் செல்லுக்கும் குறைந்த அளவு போதுமா என்று பெரிய அளவில் சோதிக்க அரசுதான் பணம் போட வேண்டும். மருந்தைக் குறைத்து விற்க எந்தக் கம்பெனி ஆய்வு நடத்தும்?

அக்கா காட்டை விற்கவில்லை. மாமாவே வேண்டாம் என்றுவிட்டார். கீமோ போட்டோம், தலைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தோம். பத்தாவது மாதம் போனார்.

போன வாரம் அந்தக் காட்டுக் கடலையை உரித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "போட்டிருந்தா அந்தப் பதினேழுல ஒருத்தரா இருந்திருப்பாரோ?"