கழிந்த பழிக்கு மறுவிசாரணையா?

"இதற்குமுன் எப்போதேனும் நீதிமன்றத்தால் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டதுண்டா?" வேலை விண்ணப்பத் தாளிலுள்ள இவ்வொரு கேள்வியின்முன் எத்தனை பேருடைய கை நடுங்கி நின்றுவிடுகிறதென்பதை நம் முதலாளிமார் அறிவரா?

வாலிபத்தில் அறிவிழந்து, சிறு திருட்டொன்றில் அகப்பட்டு, இரண்டு மாதம் சிறையிருந்த ஒருவனை எண்ணிப் பாருங்கள். விடுதலையானபின் 5 ஆண்டுகள் யாதொரு வழக்குமின்றி உழைத்துண்டு வாழ்ந்தான். அவனைப்பற்றிச் சிங்கப்பூர்ச் சட்டம் கூறுவதென்ன?

குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 3 மாதத்திற்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவன், வேறு குற்றத்தீர்ப்பு இல்லாதவனாய் 5 ஆண்டுகள் குற்றமின்றி இருப்பானாயின், அவனது பதிவு தானாகவே கழிந்ததாகிவிடும். கொடிய குற்றங்களுக்கு இச்சலுகையில்லை. சட்டமே விலக்கி வைத்த சில காரியங்களும் உண்டு. மற்றபடி, "எனக்குக் குற்றப்பதிவு இல்லை" என்று சொல்ல அவனுக்குச் சட்டம் முழு உரிமை அளித்திருக்கிறது.

"அது பொய்யல்லவா?" என்று சில நீதிமான்கள் முகஞ் சுளிக்கின்றனர். பொய் எங்கே இருக்கிறது? கடன்பட்டவன் கடனைத் தீர்த்து, பத்திரமும் ரத்தாகிவிட்டபின், "எனக்குக் கடனில்லை" என்பது பொய்யாகுமா? தண்டனை கடன்; அதை அவன் சிறையிலே செலுத்திவிட்டான். 5 ஆண்டு நன்னடத்தை வட்டி, அதையும் செலுத்திவிட்டான். இதற்குமேல் வசூலிக்க முதலாளிக்கு ஏது அதிகாரம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "எப்போதேனும்" என்ற கேள்வி யாரை வடிகட்டுகிறது? வஞ்சகன் அஞ்சாமல் "இல்லை" என்றெழுதி உள்ளே நுழைகிறான். மனச்சாட்சிக்கு அஞ்சியவனோ, தன் உரிமையை அறியாமல், "உண்டு" என்றெழுதி வாசலிலேயே நின்றுவிடுகிறான். திருந்தியவனைத் தள்ளி, திருந்தாதவனைச் சேர்ப்பதா காவல்?

2004ஆம் ஆண்டில் மஞ்சள் நாடா இயக்கம் சிங்கப்பூரில் தொடங்கிற்று. சிறை மீண்டோருக்கு இரண்டாவது வாய்ப்பளிக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். சட்டையிலே அந்நாடாவைக் குத்திக்கொண்டு, மேசையிலே பழைய கேள்வித்தாளை அடுக்கி வைத்திருப்பது எந்த நாணயத்தைச் சேர்ந்தது?

முதலாளிமாரே! "எப்போதேனும்" என்பதை அடித்துவிட்டு, "கழிந்துபோன பதிவுகளைத் தவிர்த்து" என்று எழுதுங்கள். பணப்பெட்டியைக் காக்கும் வேலையா? இன்றைய நடத்தைக்குச் சான்று கேளுங்கள், தடையில்லை.

கழிந்த பதிவுடைய சகோதரரே! உம் பதிவு கழிந்ததா என்பதை முதலில் தெளிவாகக் கேட்டறியும். கழிந்ததாயின், தலைநிமிர்ந்து "இல்லை" என்று எழுதும். அது நீர் வாங்கிய பிச்சையன்று. 5 ஆண்டுகள் நேர்மையாய் வாழ்ந்து நீரே ஈட்டிய சொல்!