மாடியில் சோலார்: 3 கிலோவாட் வேண்டுமா, 2 போதுமா?

‘‘முடிச்சூரில் மாடி வீடு, படப்பை பக்கம் கொஞ்சம் நிலம். வீட்டில் 2 மாதத்துக்கு 800 யூனிட் வரை கரன்ட் ஓடுகிறது. 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்கிறார் விற்பனையாளர். மாடு விற்ற பணம் கையில் இருக்கிறது. போடலாமா? வெள்ளத்தில் கரன்ட் நிற்கும்போது உதவுமா?’’

- வாசகி ஒருவர், முடிச்சூர்.

தாராளமாகப் போடலாம். ஆனால், இப்போதைக்கு 2 கிலோவாட் போதும். மானியத் தொகையைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு 101 முதல் 400 வரை யூனிட் 4.70 ரூபாய். 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45. ஆக, உங்கள் பில் 4,770 ரூபாய். சோலார் முதலில் குறைப்பது, விலை கூடிய அந்த மேல் யூனிட்களைத்தான்.

1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது மின்வாரியத்துக்குப் போய், நெட் மீட்டர் மூலம் பில்லில் கழியும். 2 கிலோவாட் போட்டால் 2 மாதத்துக்கு 480 யூனிட். மீதி 320 யூனிட்டுக்கு பில் 799 ரூபாய்தான். 500-க்குள் வந்துவிடுவதால் 101-200 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் போடுவார்கள். ஆண்டுக்கு மிச்சம் 23,826 ரூபாய்.

கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000. கைப்பணம் 70,000. மூன்றே ஆண்டில் திரும்பிவிடும்.

மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 மட்டுமே. மேற்கொண்டு 47,000 ரூபாய் போட்டு, அந்த 799 ரூபாயைத்தான் மிச்சம் பிடிப்பீர்கள். அது திரும்ப 10 ஆண்டு ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரே மாற்றும் நிலைக்கு வந்திருக்கும். ஏ.சி வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3 கிலோவாட் பற்றி யோசியுங்கள்.

200 யூனிட்டுக்குள் ஓட்டும் வாசகர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். உங்கள் பில் 235 ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000 மானியம் போக 35,000 போட்டாலும், பணம் திரும்ப 25 ஆண்டு ஆகும். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு பிடிக்கலாம்.

மானியம், வேலை முடிந்து மீட்டர் பொருத்திய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுப் பணமும் முதலில் கையில் இருக்க வேண்டும். உள்நாட்டில் தயாரான பேனலுக்குத்தான் மானியம் உண்டு. பில்லில் அதை எழுதி வாங்குங்கள். தென்னை நிழல், பக்கத்து மனையில் எழும்பும் மாடி இரண்டையும் பார்த்து இடம் தேர்வு செய்யுங்கள். உங்கள் பகுதியில் காலி மனைகள் வேகமாக வீடாகின்றன.

வெள்ளத்துக்கு வருவோம். மானியத்தில் போடும் சாதாரண ‘ஆன்-கிரிட்’ சோலார், தெருவில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2015 டிசம்பர் போல அடையாறு ஊருக்குள் வந்தால், வெயில் அடித்தாலும் விளக்கு எரியாது. பேட்டரி சேர்த்தால் எரியும். ஆனால், மேலே சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு தள்ளிப்போகும். நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறிக்கு மட்டும் தனியாகச் சிறிய பேட்டரி இன்வெர்ட்டர் வைப்பது மலிவு. எதை வைத்தாலும் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2015-ல் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மேலே, மாடிப்படி அறையில் பொருத்தச் சொல்லுங்கள்.