பிள்ளைகளிடம் வேண்டுமென்றே தோற்கலாமா?

சரக்கு விலை, ஜி.எஸ்.டி., தராசு முத்திரை என்று பேசும் இந்தப் பக்கத்தில் ஆடு புலி ஆட்டத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விடியுமுன் மண்டிக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டி வீடு திரும்பும் நம்மில் பலருக்குப் பிள்ளை விழித்திருக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பதே அரிது. என் மகன் வளர்ந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது அவனுடைய மகள், என் பேத்தி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். நானும் எல்லோரையும் போலச் செல்போனைக் கையில் கொடுத்து அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தேன். வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. போனைத் திரும்ப வாங்கும்போது நடந்த கூத்தைத்தான் தெருவே வேடிக்கை பார்த்தது.

அதன் பிறகுதான் சாக்கட்டியை எடுத்துக் கடையின் சிமெண்டுத் தரையில் கோடு போட்டேன். ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை, புலிக்கு மூன்று சோடா மூடி. காசு செலவே இல்லை. (மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பக்கத்தில் இருந்தால் கொட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.)

ஆட்டம் நமக்குத் தெரிந்ததுதான். கோடுகள் கூடும் இடங்கள் 23. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் வைத்து முடியும்வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது. புலியோ முதலிலிருந்தே நகரலாம், வெட்டலாம். ஆட்டுக்குப் பின்னால் நேர்கோட்டில் காலியிடம் இருந்தால் தாண்டி வெட்டிவிடும். அங்கே இன்னொரு ஆடு நின்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கையில் இருப்பு இல்லாமல் கடன் கொடுத்துவிட்டு விழித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தாயத்தைப் போல விழுந்த எண்ணின் மேல் பழி போடவும் இதில் வழியில்லை. யோசித்தால் பிழைக்கலாம், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு என்னவென்றால், குழந்தை அழக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் தோற்றேன். வெட்ட வேண்டிய ஆட்டை வெட்டாமல் புலியை வேறு பக்கம் நகர்த்துவேன். அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்துப் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் மகனோடு உட்கார்ந்தாள். ஆறே நிமிடத்தில் ஏழு ஆடு போயிற்று. கோட்டைக் காலால் அழித்துவிட்டு, "நீ ஏமாத்துறே, தாத்தா இப்படி வெட்டவே மாட்டாரு" என்று அழுதாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாளும் நான் தராசில் விரல் வைத்து நிறுத்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குச் செய்யக் கூசுவதைப் பேத்திக்குச் செய்திருக்கிறேன்.

அப்படியானால் பெரியவன் பலத்தை எல்லாம் காட்டி ஆறு வயதுப் பிள்ளையை நசுக்கலாமா? அதுவும் கூடாது. சலுகை கொடுக்கலாம். அதை ஆட்டம் தொடங்குமுன்பே, பிள்ளைக்குத் தெரிய, வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாம் தள்ளுபடி கொடுக்கும்போது பில்லில் எழுதிக் காட்டுகிறோம் அல்லவா? "தாத்தாவுக்கு இரண்டே புலி, உனக்குப் பதினைந்து ஆடு" என்று பேசிக்கொண்டோம். அதற்குப் பின் ஒரு காயைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

பல்லாங்குழியிலும் இப்படியே செய்யலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது காய். (இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.) பிள்ளைக்கு முதலிலேயே சில காய் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். அதில் எனக்குப் பிடித்தது இரண்டாம் சுற்று. தோற்றவர் தம்மிடம் மிஞ்சிய காயைக் கொண்டு எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனை குழியோடுதான் ஆட வேண்டும். முதல் போனவன் சின்னக் கடையாக மறுபடி தொடங்குவதைப் போல.

சதுரங்க வகுப்புக்குப் பணம் கட்டுகிறோமே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2024-இல் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபின் இந்த ஆசை கூடியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது அவருடைய தாயார். வகுப்பில் ஆசிரியர் கற்றுத் தருவார். எதிரில் சம்மணமிட்டு உட்காரும் அப்பாவுக்கு ஈடாக அவர் எப்படி ஆவார்? அரை மணி நேரம் போதும். நடுவில் வாடிக்கையாளர் வந்தால் எழுந்துபோய்க் கால் கிலோ உளுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குள் பிள்ளை அடுத்த காயை யோசித்து வைத்திருக்கும்.

போன மாதம் ஒருநாள் நான் இரண்டு மூடியை வைத்துவிட்டு ஆட்டத்துக்குத் தயாரானேன். பேத்தி எழுந்துபோய் மூன்றாவது சோடா மூடியையும் எடுத்து வந்து வைத்தாள். அன்று ஒன்பது ஆடு வெட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மிச்சம் ஆறையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் தாத்தா, மூணு புலியேதான்" என்றாள்.