வெனிஸில் விலக்கிய படம்

1955-ம் வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவிலிருந்து ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்னும் அமெரிக்கப் படம் விலக்கப்பட்டது. இத்தாலியில் அமெரிக்க ஸ்தானாபதியாயிருந்த ஸ்ரீமதி கிளேர் பூத் லூஸ் அம்மையாரின் ஆட்சேபமே காரணம். அந்நியர் மத்தியில் தேசத்தின் பெயர் கெடுமாம்!

ரிச்சர்டு புரூக்ஸ் டைரக்ட் செய்த அப்படத்தில், நகரத்துத் தொழிற் பள்ளியொன்றின் பிள்ளைகள் உபாத்தியாயர் ஒருவரை அடிக்கின்றனர். வேறொருவர் அருமையாய்ச் சேர்த்த இசைத்தட்டுக்களை நொறுக்குகின்றனர். ஒருவன் வகுப்பிலேயே கத்தியை உருவுகிறான். ஆயினும் முடிவில் பிள்ளைகளிற் பலர் உபாத்தியாயர் பக்கமே நிற்கின்றனர். போதாக்குறைக்கு, அமெரிக்கப் பள்ளிகளைப் போற்றும் வாசகமொன்று படத்தின் முகப்பிலேயே வருகிறது. அந்தப் பிராயச்சித்தமும் பலிக்கவில்லை.

இத்தனைக்கும், சிறுவர் குற்றங்களைப் பற்றி அந்நாட்டு செனட் சபையின் உபகமிட்டியே 1953 முதல் விசாரித்து வந்தது. வாஷிங்டனில் பகிரங்கமாய்ப் பேசத் தகுந்தது, வெனிஸில் காட்டத் தகாததாயிற்று! படம் உண்மையை மிகைப்படுத்துகிறதென்ற விமர்சகர்களும் உண்டு. அது நியாயமான வாதம். ஆனால் அவ்வாறு வாதிப்பதற்கேனும் வெனிஸில் கூடியோர் அதைப் பார்த்திருக்க வேண்டுமல்லவா?