பத்து நிமிஷம் ஓட்டி வைக்காதீங்க, ப்ளீஸ்!

குளிர்காலம் வந்துட்டா வின்னிபெக் பக்கம் எங்க குட்டி விமானத் தளத்துல ஒரு காட்சி தவறாம நடக்கும். மேகம் கீழ இறங்கி, பறக்க முடியாத ஞாயித்துக்கிழமை. ஒருத்தர் வருவார், செஸ்னாவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுவார், "எஞ்சினுக்குள்ள ஆயில் சுத்தணும்ல"ன்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிடுவார். நல்ல மனசுதான். ஆனா பண்றது எஞ்சினைக் கொல்ற வேலை!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வருது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியா போயிடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள்ள நுழையும். ஆயில் நல்லா சூடாகி ஓடினா அது ப்ரீதர் குழாய் வழியா வெளியேறிடும். மைனஸ் 15ல, தரையில, பத்து நிமிஷத்துல ஆயில் எங்க சூடாகுது? முள் லேசா அசையும், அவ்ளோதான். தண்ணி உள்ளேயே தங்கி துருப்பிடிக்கும். லைக்கமிங் எஞ்சின்ல கேம்ஷாஃப்ட் மேல இருக்கறதால, ஆயில் வடிஞ்சதும் முதல்ல காயறது அதுதான்.

நண்பர் ஒருத்தர் இப்படித்தான் ரெண்டு குளிர்காலம் ஓட்டினார். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தா மினுமினுன்னு இரும்புத்தூள். கேம் போச்சு. எஞ்சினையே பிரிக்க வேண்டியதாப் போச்சு.

லைக்கமிங் கம்பெனியே மாசம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பறக்கச் சொல்லுது, அதுவும் ஆயில் 74 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கறாப்ல. குளிர்ல அந்தச் சூடு தானா வராது. செஸ்னா 172க்கு இதுக்குன்னே குளிர்கால கிட் இருக்கு. மைனஸ் 7க்குக் கீழ போனா முன்பக்கக் காற்று வழிகளைப் பாதி மறைக்கற தகடு, ப்ரீதர் குழாய்க்கு ஒரு உறை. தகட்டை வெயில் ஏறினதும் மறக்காம கழட்டணும், இல்லன்னா எஞ்சின் கொதிக்கும். உறையை எப்பவும் விட்டுடலாம். அதை அலட்சியமா நினைக்காதீங்க. ப்ரீதர் வாய்ல ஐஸ் அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி முன்பக்க சீலைத் தள்ளிடும், பறக்கும்போதே ஆயில் மொத்தமும் வெளிய!

மைனஸ் 12க்குக் கீழன்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே சூடாக்கணும். அலாஸ்காவுல அந்தக் காலத்து பைலட்டுங்க ராத்திரியே ஆயிலை வடிச்சு, அடுப்போரமா வச்சிருந்து, காலைல ஊத்துவாங்களாம். நமக்கு ஹீட்டர் இருக்கு, பிளக்கைச் சொருகவே சோம்பல் :-)

பறக்கலையா? எஞ்சினைத் தொடாதீங்க. போர்வையைப் போத்திட்டு நேரா காபிக்கு வாங்க. பேட்டரி இறங்கிடும்னு கவலைன்னா அதுக்கு சார்ஜர் விக்கறாங்க.